அச்சில் ஏறியது

பிப்ரவரி 12, ஞாயிறு

இந்த டைரியில் ஞாயிற்றுக்கிழமைகள் கறுப்பாகவும் திங்கட்கிழமைகள் சிவப்பாகவும் இருக்கின்றன. சிவப்பு மை ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டது. முந்நூறு டைரி கழிவில் போனது. பிழையைக் கண்டுபிடித்தது நான் என்பதால் முதலாளி ஒன்றை என்னிடம் நீட்டி, "ஒன் ஞாபகார்த்தமா வச்சுக்கோம்மா" என்றார். சிவகாசியில் நோட்டும் டைரியும் போடும் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு நோட்டுக் கட்டில் எங்கே தப்பு இருந்தாலும் என் கண் நேரே அங்கே போய் நிற்கும். ஜனவரிப் பக்கங்களை என் மகள் தாரணி கணக்குப் போட்டே தீர்த்துவிட்டாள். பிப்ரவரியிலிருந்து எனக்கு.

இன்று அவளுடைய பிளஸ் டூ வகுப்பு ஆசிரியை ஹெலன் டீச்சர் வீட்டுக்கு வந்தார். பெற்றோர் கூட்டம் பற்றிப் பேச.

"போன கூட்டத்துக்கு நாப்பத்தோரு பிள்ளைகளுக்கு ஆறு பேர் வந்தாங்கம்மா. ரிசல்ட் வந்தப்புறம் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்து, 'இப்ப என்ன செய்யணும் டீச்சர்'னு கேப்பாங்க. அதுக்குள்ள பாதித் தேதி போயிருக்கும். எந்தக் காலேஜ், என்ன சர்டிபிகேட்னு இப்பவே பேசி வச்சுட்டா நல்லது. நான் கூப்பிட்டா பயப்படுறாங்க. நீங்க வீட்டுக்கு வீடு போய்ப் பேசுனா வருவாங்க."

என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வெளியே வந்தார். ஆப்செட் மிஷின் ஆபரேட்டர். சத்தத்தில் வேலை செய்பவர் என்பதால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார். "கரெக்டான ஆளத்தான் புடிச்சிருக்கீங்க டீச்சர். இந்தத் தெருவுலயே டிகிரி உள்ள பொம்பள இவ ஒருத்திதான்."

வாசல் பலகையை டீச்சர் ஒருமுறை பார்த்தார். 'கி. தங்கேஸ்வரன், த. கனகவல்லி பி.எஸ்சி.' பிறகு என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு, கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

பிப்ரவரி 15, புதன்

ஷிப்ட் முடிந்து நான்கு வீடுகள். பஞ்சவர்ணம் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். அவள் மகள் முனீஸ்வரியும் தாரணியும் ஒரே பெஞ்சு. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எம்பிள்ள என்னக்கா தப்பு பண்ணுச்சு?"

"ஒரு தப்பும் பண்ணல. கூட்டம், அவ்வளவுதான்."

"பள்ளிக்கூடத்துல கூப்புட்டா தப்பு பண்ணிருக்குன்னுதானக்கா அர்த்தம்? எங்கப்பனக் கூப்புட்டப்ப அதுக்குத்தான் கூப்புட்டாக. அதோட என் படிப்பு நின்னுச்சு."

மற்ற மூன்று வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒருவர் மட்டும், "நாங்க வந்து என்னத்தப் பேச? நீங்க படிச்சவுக, எங்களுக்கும் சேத்து நீங்களே கேட்டுட்டு வந்துருங்க" என்றார். எல்லோருக்கும் என் பெயரில் ஒட்டியிருக்கும் அந்த மூன்று எழுத்தில்தான் நம்பிக்கை. வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்து சேலைகளை எல்லாம் எடுத்து மடித்து வைத்தேன். அடியில் இருக்கும் பச்சை ஃபைலை இன்னும் அடியில் தள்ளினேன். போன தடவை கயிற்றை முடிச்சுப் போட்டதாக ஞாபகம். இப்போது சுருக்குப் போட்டிருந்தது. நான்தான் போட்டிருப்பேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஒரு யோசனை. கட்டிங் மிஷினில் விழும் காகிதத் துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். ஒரு துண்டில் ஒரு கேள்வி என்று எழுதி, ஒரு வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததும் இவர்களுக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. கையில் ஒரு கேள்வி இருந்தால் அதைக் கேட்பதற்காகவாவது வருவார்கள்.

பஞ்சவர்ணத்துக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் வாய்ப்பாடு மாதிரி நான் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள்: "எம்பிள்ள எதுல கெட்டி டீச்சர்?"

பிப்ரவரி 25, சனி

முப்பத்து மூன்று பேர்! பெஞ்சு போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். முதல் பத்து நிமிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பஞ்சவர்ணம் எழுந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை அப்படியே கேட்டாள்.

ஹெலன் டீச்சர் கையிலிருந்த ரிஜிஸ்டரை மூடினார். "பதினெட்டு வருஷமா வாத்தியார் வேலை பாக்குறேன். 'எதுல மோசம்'னுதான் எல்லாரும் கேட்டிருக்காங்க" என்றார். பிறகு முனீஸ்வரி விலங்கியலில் எவ்வளவு கெட்டி, நர்சிங் படித்தால் எப்படி வருவாள் என்று சொன்னார். பஞ்சவர்ணம் உட்காரவே இல்லை. நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வரும் வழியில் தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜமாய்ச்சுட்டம்மா" என்றாள். அவளுக்கு அச்சுத் தொழில்நுட்பத்தில் பி.இ. படிக்க வேண்டும், சென்னையில். அப்பா ஓட்டும் மிஷினை வடிவமைக்கிற படிப்பு.

மார்ச் 4, சனி

இன்று சான்றிதழ்க் கூட்டம். முதல் பட்டதாரி சான்றிதழைப் பற்றி டீச்சர் விளக்கினார். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசாங்கம் ஏற்கும்.

"படிக்கலங்கிறதுக்கு ஒரு சர்டிபிகேட்டா? முன்னமே சொல்லிருந்தா பரம்பரை பரம்பரையா வாங்கி அடுக்கிருப்பமே!" என்றாள் பஞ்சவர்ணம். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மனுக்களை நான்தான் எழுதினேன். இருபத்தாறு மனு. 'எங்கள் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' இருபத்தாறு தடவை எழுதியதில் கை கடுத்துவிட்டது.

கடைசியில் பஞ்சவர்ணம் கேட்டாள், "ஒங்க பிள்ளைக்கு இது கெடையாதுல்லக்கா? பாவம்." டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். சாத்துவதை நிறுத்தினார்.

கிடையாது என்றேன்.

மார்ச் 13, திங்கள்

பரீட்சை தொடங்கியது. டைரியில் இன்று சிவப்பு, விடுமுறை மாதிரி. தாரணி இரண்டு இட்லிதான் சாப்பிட்டுப் போனாள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

கம்பெனியில் நோட்டு சீசன். பாரம் பாரமாக வந்து விழுகிறது. இன்று ஒரு கட்டில் கோடு கோணலாகப் போனதை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் எடுத்துக் காட்டினார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. "என்ன வல்லியக்கா, ஞாபகம் எங்க இருக்கு?" என்றார். மகள் பரீட்சை என்று சொல்லிச் சமாளித்தேன். பரீட்சை நேற்றே முடிந்துவிட்டது.

மே 8, திங்கள்

ரிசல்ட் வந்தது. தாரணி அறுநூறுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று! அவள் அப்பா பிரஸ் முழுவதற்கும் காரச்சேவும் லட்டும் வாங்கிக் கொடுத்தார். முனீஸ்வரி நானூற்று அறுபத்தெட்டு. பஞ்சவர்ணம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மே 10, புதன்

பொறியியல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்க ஜூன் நான்காம் தேதி கடைசி. சான்றிதழ்களையும் அதற்குள் ஏற்ற வேண்டும். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் சென்னை விடுதியை எப்படியாவது சமாளித்துவிடலாம். அதோடு கல்விக் கட்டணமும் என்றால் முடியாது. அவருக்கும் அது தெரியும். காலையிலிருந்து விசிலடித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"பாத்தியா, நீ படிச்சதுனால எம்மகளுக்கு ஒரு சலுகை போச்சு. படிச்ச பொண்டாட்டி கட்டுனதுக்குத் தண்டனை!"

குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. மாவு அரைக்க வேண்டும் என்று எழுந்து போனேன். கிரைண்டரைக் கழுவிய பிறகுதான் அரிசியே ஊறப் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

மே 14, ஞாயிறு

தாரணி குண்டைத் தூக்கிப் போட்டாள். பொறியியல் வேண்டாமாம். உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேரப் போகிறாளாம்.

"ஏண்டி? ஆறாம் வகுப்புலேர்ந்து அதத்தான் சொல்லிக்கிட்டிருந்த."

"இப்ப பிடிக்கல. நீயும் கெமிஸ்ட்ரிதானம்மா படிச்ச? நல்ல சப்ஜெக்ட்தான்."

"கண்ணப் பாத்துச் சொல்லு."

அவள் கண்ணைப் பார்க்கவில்லை. துணி காயப் போடப் போய்விட்டாள். காய்ந்த துணிகளையே திரும்ப உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பழக்கம் இவளுக்கு எங்கிருந்து வந்தது? நன்றாகத் திட்டிவிட்டேன். நாலு பேர் பிள்ளைகளைக் கரையேற்றி விட்டு என் பிள்ளை கிணற்றில் விழுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? டீச்சரிடம் சொல்லிப் புத்தி சொல்ல வைக்கிறேன்.

மே 17, புதன்

அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். ஹெலன் டீச்சர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பழைய கட்டை எடுத்தார். தாரணி ஒன்பதாம் வகுப்பில் நிரப்பிக் கொடுத்த விவரப் படிவம் அதில் இருந்தது. அவள் கையெழுத்துத்தான். 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் 'பிளஸ் டூ' என்று இருந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"அப்பவும் நான்தான் கிளாஸ் டீச்சர். அம்மா பி.எஸ்சி.ங்கிறாங்களேன்னு அப்பவே கேட்டேன்மா. 'அம்மாவுக்கு ஒரு பேப்பர் நிக்குது டீச்சர். அவங்ககிட்ட கேட்றாதீங்க'ன்னு சொன்னா."

பச்சை ஃபைல். சுருக்குப் போட்ட கயிறு.

இனி எழுதித்தான் ஆக வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு ஏப்ரலில் கடைசிப் பரீட்சை, மே மாதம் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போனபோது மணமகன் பெயருக்குப் பக்கத்தில் டிப்ளமோ இருந்தது. "நம்ம பிள்ளைக்கு மட்டும் வெறும் பேரா? பரீட்சைதான் எழுதிட்டால்ல" என்று அப்பா என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. போடச் சொன்னார். எழுநூறு பத்திரிகை. ஜூனில் முடிவு வந்தது. ஒரு தாளில் போய்விட்டேன். அப்பாவிடம் அழுதேன். "அச்சுல ஏறிருச்சும்மா, விடு. அடுத்த தடவ எழுதி வாங்கிக்க, யாருக்குத் தெரியப் போவுது" என்றார். அடுத்த தடவை தாரணி வயிற்றில் இருந்தாள். அதற்கு அடுத்த தடவை தைரியம் இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பத்திரிகையை இவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

"அப்ப ஏன் டீச்சர் என்னயப் போய்க் கூப்புட்டீங்க? தெரிஞ்சே?"

"டிகிரிக்காகக் கூப்புடலம்மா. ஆறாம் வகுப்புலேர்ந்து ஒரு கூட்டம் விடாம வந்த அம்மா நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் என் மேல்தான். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை, அம்மாவின் மானத்துக்காகப் பொய்யைச் சுமந்திருக்கிறாள். இப்போது சான்றிதழ் கேட்டால் என் குட்டு உடையும் என்று ஆசைப்பட்ட படிப்பையே விடப் பார்க்கிறாள்.

மே 18, வியாழன்

இன்று சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை.

மே 19, வெள்ளி

காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பி.எஸ்சி. இல்ல" என்றேன்.

"பின்ன, எம்.எஸ்சி.யா?" என்று சிரித்தார்.

பச்சை ஃபைலைப் பிரித்து மதிப்பெண் பட்டியலைச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து படித்தார். அச்சான தாளைச் சரிபார்ப்பது போல மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக. பிறகு பிளக்கைப் பிடுங்கினார்.

"தாரணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டீச்சருக்கு?"

"தெரியும்."

"அப்ப நான் ஒருத்தன்தான் கேனப்பய."

பாதிச் சட்டை கசங்கினபடியே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். டிபன் பாக்ஸ் மேடையிலேயே இருந்தது. நான் இ-சேவை மையத்துக்குப் போய், இருபத்தேழாவது மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 21, ஞாயிறு

பேசவில்லை. சாம்பாரில் உப்பில்லை. அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

மே 22, திங்கள்

உப்புப் போட்டேன். அப்படியும் பேசவில்லை.

மே 24, புதன்

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். வண்டியை நிறுத்தியதும் அவர் கண் போனது பலகைக்குத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

"என்னம்மா இது? போர்டுல பி.எஸ்சி.ங்கிறீங்க, மனுவுல பட்டதாரி யாரும் இல்லைங்கிறீங்க? எத நம்புறது?"

ஜீப்போ வண்டியோ வந்தால் எங்கள் தெரு சும்மா இருக்காது. எதிர்வீட்டுக்காரர், குழாயடியில் நின்றவர்கள், விஷயம் கேள்விப்பட்டு வந்த பஞ்சவர்ணம் என்று பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தாரணி கதவுக்குப் பின்னால் நின்றாள். என் வீட்டுக்காரர் உள்ளே நாற்காலியில் இருந்தார். மதிப்பெண் பட்டியலை வி.ஏ.ஓ.விடம் நீட்டினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் கேள்விச் சீட்டு இல்லாமல் நிற்கும் அம்மாக்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது புரிந்தது.

"நான் பாஸ் பண்ணல சார். ஒரு பேப்பர்ல போயிட்டேன். பத்தொம்பது வருஷமா பாஸ் பண்ணுன மாதிரி இருந்துட்டேன்."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் அதை நகர்த்தவில்லை.

"அப்ப இந்த போர்டு?" என்றார் வி.ஏ.ஓ.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே வந்தார். ஐந்து நாளுக்குப் பிறகு முதன்முதலாக அந்தப் பெரிய குரல்.

"அது அச்சுப்பிழை சார். நாங்க அச்சு வேலை பாக்குறவங்க. எங்களுக்கே சில சமயம் கண்ணுக்குத் தெரியாமப் போயிரும்."

நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பலகையை உள்ளே கொண்டுபோனார். சுவரில் அந்த இடம் மட்டும் பழைய வெள்ளையாகத் தெரிந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு முன்னால் பஞ்சவர்ணம் வந்துவிட்டாள். "இவுக டிகிரி இல்லாமத்தான் எம்பிள்ளைய இந்த அளவுக்குக் கொண்டாந்தாகன்னு எழுதுங்க சார்" என்றாள். அப்படியெல்லாம் எழுத இடமில்லை என்றார் வி.ஏ.ஓ. அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

பச்சை ஃபைலைக் கயிறு கட்டாமல் பீரோவின் மேல் தட்டில் வைத்தேன்.

ஜூன் 2, வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால். பள்ளிக் கணினியில் தாரணியே ஏற்றினாள். மறுபடி அச்சுத் தொழில்நுட்பம்தான். "கெமிஸ்ட்ரி பிடிச்சிருக்குன்னியே?" என்று டீச்சர் சீண்டினார். "அது சும்மா டீச்சர்" என்றாள். வெளியே வந்து ஆளுக்கொரு சர்பத் குடித்தோம். "ஃபைல எப்படிப் பாத்த?" என்று தாரணியிடம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்புப் படிவத்தில் என் படிப்பைச் சரியாக எழுத வேண்டும் என்று ஃபைலை எடுத்தாளாம். "தப்பா எழுதக் கூடாதுன்னு பாத்தேன். நீ செக்கிங்ல இருக்கியே."

ஜூலை 30, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. அவள் கேட்ட பிரிவு, கேட்ட கல்லூரி. முனீஸ்வரிக்கு மதுரையில் நர்சிங். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் எங்காவது சேர்ந்துவிட்டார்கள். மீதி மூன்று வீட்டுக்கு அடுத்த வாரம் நானும் பஞ்சவர்ணமும் போகிறோம். பிள்ளைகள் போனாலும் கூட்டத்துக்கு நாங்கள் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மாலையில் தாரணி கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். 'தாயின் கல்வித் தகுதி.'

"இத நீயே எழுதும்மா."

கட்டம் சின்னது. நெருக்கி நெருக்கி எழுதினேன்: பி.எஸ்சி. வேதியியல், ஒரு தாள் பாக்கி.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பழைய வேகத்தில் இல்லாவிட்டாலும் இப்போது பேசுகிறார். திட்டப் போகிறார், அல்லது சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தப் பேப்பரு?" என்றார்.

"பிசிக்கல் கெமிஸ்ட்ரி."

"ரொம்பக் கஷ்டமோ?"

"கஷ்டந்தான்" என்றேன். பிறகு எந்தக் கேள்வியில் தடுமாறினேன், எத்தனை மதிப்பெண்ணில் போனது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.